காருக்குப் பெட்ரோல் போடும்போது காசு மிச்சம் பிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுப் பெட்ரோல் கார் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் போல ஓடும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தால் 62 லிட்டருக்கு மேல் பிடிக்கும். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் மாதம் 6,300 ரூபாய். மளிகைக்கு அடுத்த பெரிய செலவு இதுதான். அதனால் பல வருஷமாக இதைக் கவனித்து, கணக்கு எழுதி வருகிறேன். சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன். கீழே வரும் கணக்குகளிலும் அதே 101 ரூபாயைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார்களே?

பெட்ரோல் சூட்டில் விரியும் என்பது உண்மைதான். ஒரு டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். ஆனால் பங்க்கில் பெட்ரோல் இருப்பது மண்ணுக்கு அடியில் புதைத்த தொட்டியில். மேலே வெயில் கொளுத்தினாலும் அந்த ஆழத்தில் காலைக்கும் மதியத்துக்கும் பெரிய மாற்றம் வராது. பேச்சுக்கு மூன்று டிகிரி வித்தியாசம் என்றே வைத்துக்கொண்டாலும் 30 லிட்டருக்கு 90 மில்லிதான், அதாவது 9 ரூபாய். அதுகூட நிஜத்தில் கிடைக்காது. காலையில் போவதில் ஒரே லாபம், கூட்டம் இருக்காது, மீட்டரை நிதானமாகப் பார்க்கலாம்.

விலை எப்போது மாறும்? முன்கூட்டியே பார்த்துப் போட முடியுமா?

2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்கத் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் முறை வந்தது. அதற்கு முன் மாதத்தில் 1-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும் பார்த்துக் காத்திருப்போம். இப்போது தினசரி முறை இருந்தாலும் பல மாதம் விலை அசையாமலே நிற்கிறது. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்தார்கள், அப்புறம் நெடுநாள் அப்படியே இருந்தது. ஆகவே நாள் பார்த்துப் போடுவதில் பலன் இல்லை. விலை ஏறப்போகிறது என்று இரவோடு இரவாக வரிசையில் நின்றாலும், ஒரு ரூபாய் ஏற்றத்துக்கு 30 லிட்டரில் 30 ரூபாய்தான் மிஞ்சும். அந்த வரிசையில் இன்ஜினை ஓடவிட்டு நின்றால் அதிலும் பாதி போய்விடும்.

500, 1000 என்று முழுத் தொகையாகக் கேட்டால் குறைத்துப் போடுவார்களா? 510, 1010 என்று கேட்க வேண்டுமா?

வேண்டாம். மெஷின் அளப்பது லிட்டரை. ரூபாயை அந்த லிட்டரிலிருந்து கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அளவையில் கோளாறு செய்திருந்தால் 500-க்கும் குறையும், 510-க்கும் அதே விகிதத்தில் குறையும். 2017 ஏப்ரலில் லக்னோவில் உத்தரப் பிரதேச போலீஸின் சிறப்புப் படை பங்க்குகளைச் சோதித்தபோது, ரிமோட்டில் இயக்கக்கூடிய சிப்பை மெஷினுக்குள் வைத்து அளவைக் குறைத்திருந்தது வெளியே வந்தது. அந்த மாதிரி மோசடியில் நீங்கள் என்ன தொகை கேட்டாலும் ஒன்றுதான்.

அப்படியானால் எங்கேதான் ஏமாறுகிறோம்?

பெரும்பாலும் நம் கவனம் சிதறும் அந்த அரை நிமிஷத்தில்தான். எனக்கு நடந்ததையே சொல்கிறேன். குடும்பத்தோடு ஊருக்குப் போகும் வழியில், பைபாஸ் ஓரத்து பங்க் ஒன்றில் 1500 ரூபாய்க்குக் கேட்டேன். நான் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பங்க் பையன் கன்னை, அதாவது பெட்ரோல் ஊற்றும் குழாய் முனையை, டேங்க்கில் வைத்து 200 ரூபாய் ஓடியதும் நிறுத்திவிட்டு, "சார், இருநூறா சொன்னீங்க?" என்றான். "இல்லப்பா, ஆயிரத்து ஐநூறு" என்றேன். "சரி சார், மீதி ஆயிரத்து முந்நூறு போட்டுடறேன்" என்றான். அதே நேரம் இன்னொருவர் ஜன்னல் பக்கம் வந்து, கார்டா, யுபிஐயா என்று கேட்டு மெஷினை நீட்டினார். நான் போனை எடுத்து நிமிர்வதற்குள் கன்னை எடுத்தாயிற்று. மீட்டரில் 1300 நின்றது. கணக்கு சரி என்று நினைத்துக்கொண்டு 1500 கொடுத்துவிட்டு வந்தேன். பத்து கிலோமீட்டர் தாண்டிய பிறகு, டேங்க் முள் ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது என்று மனைவி கேட்ட பிறகுதான் புரிந்தது. அவன் மீட்டரை ஜீரோவுக்குக் கொண்டுவரவே இல்லை. 200-லிருந்தே தொடர்ந்து 1300-ல் நிறுத்தியிருக்கிறான். காருக்குள் போனது 1300-க்குத்தான். என்னிடம் வாங்கியது 1500.

அன்றிலிருந்து இன்ஜினை அணைத்து, இறங்கி, மெஷின் முன்னால் போய் நிற்கிறேன். ஜீரோவைப் பார்த்த பிறகுதான் கன் உள்ளே போக வேண்டும். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஜீரோ வைத்துத் தொடங்கச் சொல்லி, முதலில் ஓடியதற்குத் தனி பில் கேட்கிறேன். பணம் கொடுப்பது எல்லாம் கன்னைத் திருப்பி மாட்டிய பிறகு. ஜீரோவைப் பார்க்கும் அதே பார்வையில் லிட்டர் விலையையும் பார்த்துவிட வேண்டும், விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் கன்னைத் தவறி எடுத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நல்ல பங்க்கில் அவர்களே "ஜீரோ பாத்துக்கோங்க" என்று சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் ஒரு பங்க்கை வாடிக்கையாக வைத்திருக்கிறேன்.

அளவு சரியாக இருக்கிறதா என்று நாமே சோதிக்க முடியுமா?

முடியும், அது நம் உரிமை. ஒவ்வொரு பங்க்கிலும் அரசு முத்திரை போட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரம் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அதில் 5 லிட்டர் பிடித்துக் காட்டச் சொல்லலாம். பாத்திரத்தின் கழுத்தில் கோடு இருக்கும், பெட்ரோல் அந்தக் கோட்டுக்கு வர வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி கூடக்குறைய இருந்தால் விதிப்படி அனுமதி உண்டு. அதற்கு மேல் குறைந்தால் அந்த மெஷினில் விற்கக் கூடாது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம், மரியாதையாகவே கேளுங்கள். பாத்திரம் இல்லை, மேனேஜர் இல்லை என்று இழுத்தடித்தால் அந்த பங்க்கைப் பற்றி அதற்கு மேல் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

என் கார் டேங்க் 37 லிட்டர்தான். 39 லிட்டர் போட்டதாக பில் வந்தது. மோசடியா?

உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது. கம்பெனி சொல்லும் 37 லிட்டர், அவர்கள் நிரப்பச் சொல்லும் அளவு. அதற்கு மேல் ஆவிக்காக விட்ட இடமும் டேங்க்குக்குப் போகும் குழாயும் இருக்கின்றன. கழுத்துவரை ஊற்றினால் சில லிட்டர் கூடவே பிடிக்கும். ஆனால் டேங்க்கில் கால்வாசி மிச்சமிருக்கும்போதே 37 லிட்டர் பில் வந்தால் விடாதீர்கள். அங்கேயே 5 லிட்டர் சோதனை கேளுங்கள்.

ஃபுல் டேங்க் போடுவது நல்லதா, அவ்வப்போது 500 ரூபாய்க்குப் போடுவதா?

நான் ஃபுல் டேங்க் கட்சி. டேங்க் நிறைந்தால் எடை கூடி மைலேஜ் குறையும் என்பார்கள். 20 லிட்டர் பெட்ரோல் 15 கிலோதான், ஸ்கூல் பையோடு ஒரு சின்னப் பிள்ளை ஏறிய மாதிரி. ஆயிரம் கிலோ காருக்கு அது கணக்கிலேயே வராது. 500, 500-ஆகப் போட்டால் மாதத்தில் பன்னிரண்டு முறை பங்க்குக்குப் போக வேண்டும். அத்தனை முறை சுற்றுவதும் வரிசையில் நிற்பதும் செலவு. மீட்டரைக் கவனிக்காமல் விடும் வாய்ப்பும் அத்தனை தடவை வரும். ஃபுல் டேங்க் என்றால் இரண்டு மூன்று முறையோடு முடிந்தது.

எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுவது பணத்தைக் கரைக்கும் பழக்கம். இப்போதைய கார்களில் பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது. அதைக் குளிர்விப்பதே சுற்றியுள்ள பெட்ரோல்தான். காய்ந்த டேங்க்கில் ஓடி ஓடி அந்தப் பம்ப் போனால் மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும். முள் கால்வாசிக்கு வந்ததும் போட்டுவிடுவேன். கையில் மொத்தமாகப் பணம் இல்லாத மாதம் எல்லார் வீட்டிலும் வரும். அப்போது 1000-க்குப் போடுங்கள், தப்பில்லை.

கன் தானாக நின்ற பிறகு ரவுண்டாக்க இன்னும் கொஞ்சம் போடலாமா?

கூடாது. முதல் "டக்" சத்தத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஊற்றுவது, ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குப் போய்ச் சேரும். அது ஈரமானால் கெட்டுவிடும், மாற்ற வேண்டியிருக்கும். 23 ரூபாய் சில்லறைக்காக அந்தச் செலவு வேண்டாம், யுபிஐயில் 2,977 என்றே அனுப்பலாம்.

மைலேஜை எப்படிச் சரியாகக் கணக்குப் போடுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். டாஷ்போர்டு காட்டும் எண்ணை நான் எடுத்துக்கொள்வதில்லை, பல கார்களில் அது கொஞ்சம் கூட்டித்தான் காட்டுகிறது. செய்ய வேண்டியது எளிது. கன் தானாக நிற்கும்வரை ஃபுல் டேங்க் போடுங்கள், கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டுங்கள். அடுத்த முறையும் முடிந்தால் அதே பங்க், அதே மெஷினில், கன் தானாக நிற்கும்வரை போடுங்கள். இடையில் ஓடிய கிலோமீட்டரை, இந்த முறை போட்ட லிட்டரால் வகுங்கள். 412 கிலோமீட்டர், 26.8 லிட்டர் என்றால் 15.4.

என் காரின் டாஷ்போர்டு அறைக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கும். தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய், மைலேஜ் என்று ஐந்து கட்டம். ஓரத்தில் பேனாவை ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருக்கிறேன். ஒரு வருஷம் அதில் 16.1, 15.8, 16.0 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 14.6 ஆனது. ஒரு தடவை தப்பாக இருக்கலாம் என்று விட்டேன். அடுத்த முறை 14.3. பங்க் மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது, வேறு பங்க்கில் போட்டுப் பார்த்தும் அதே 14.3. ஒரு நாள் இருபது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மூன்று வெதுவெதுப்பு, முன் இடது பக்கம் மட்டும் அடுப்புச் சட்டி மாதிரி அனல் அடித்தது. பிரேக் பிடித்த பிறகு விடாமல் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. மெக்கானிக் பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பரைக் கழற்றி, அதில் துருப்பிடித்த பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவிக் கொடுத்தார். அடுத்த ஃபுல் டேங்க்கில் 15.9.

கணக்குப் போட்டால், 16-க்கும் 14.3-க்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு 750 ரூபாய் வித்தியாசம். எந்தக் கார்டு சலுகையும் மாதம் அவ்வளவு தராது. நோட்டு இல்லாவிட்டால் அந்தப் பிரேக்கை எத்தனை மாதம் கவனிக்காமல் விட்டிருப்பேனோ.

பக்கத்து மாநிலத்தில் போய்ப் போட்டால் மிச்சமா?

பெட்ரோல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மத்திய அரசின் கலால் வரி எங்கும் ஒன்றே, மேலே மாநிலம் போடும் வாட் வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்து, 13 சதவீதமும் அதோடு 11.52 ரூபாயும் என்று வைத்தார்கள். கேரளத்திலும் ஆந்திரத்திலும் வரி இதைவிடக் கூடுதல், அதனால் வாளையாறு வழியாகவோ களியக்காவிளை வழியாகவோ கேரளம் போகிறவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமே நிரப்பிக்கொண்டு போவது நல்லது. திருப்பதி போகிறவர்களுக்கும் இதேதான்.

புதுச்சேரியில் நம்மைவிடக் குறைவு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த வழியாகப் போனால் அங்கே நிரப்புங்கள். காரைக்காலும் அப்படியே. கேரளத்துக்கு நடுவில் இருக்கும் மாஹேயில் இதற்காகவே வண்டிகள் வரிசை கட்டும். ஆனால் அதற்கென்றே வண்டியை எடுத்துக்கொண்டு போவது வேறு கணக்கு. லிட்டருக்கு 4 ரூபாய் குறைவு, 30 லிட்டர் போடுகிறீர்கள் என்றால் மிச்சம் 120 ரூபாய். போகவர இருபது கிலோமீட்டர் என்றால் அதற்கே 126 ரூபாய் பெட்ரோல். ஒரே மாநிலத்துக்குள்ளும் டிப்போவிலிருந்து லாரி வரும் தூரத்தைப் பொறுத்துச் சில காசுகள் மாறும். அதைத் தேடி அலைய வேண்டாம்.

பிரீமியம் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடுமா?

உங்கள் கார் கையேட்டில் 91 ஆக்டேன் போதும் என்று இருந்தால் 95 போடுவதில் காசு திரும்பாது. அதிக ஆக்டேன் என்றால் அதிகச் சக்தி என்று பொருள் இல்லை. அதிக அழுத்தத்தில் நேரத்துக்கு முன்னால் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் என்பதுதான் பொருள். லிட்டருக்கு 7 ரூபாய் கூடுதல் கொடுத்தால் மைலேஜும் 7 சதவீதம் கூடினால்தான் சரிக்கட்டும். என் நோட்டில் மூன்று டேங்க் போட்டுப் பார்த்தேன், வித்தியாசமே தெரியவில்லை. கையேட்டிலேயே 95 கேட்கும் கார்கள் வேறு, அவற்றுக்கு அதைத்தான் போட வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்தது மாதிரி இருக்கிறது. பிரமையா?

பிரமை இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, பெட்ரோலைவிடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நாட்டில் 10 சதவீதக் கலப்பை 2022-ல் எட்டினார்கள், 2025-ல் 20 சதவீதம் எங்கும் வந்துவிட்டது. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதத்துக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்றும், 20-க்கு என்றே சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் என்றும் எழுதியிருக்கிறது. 16 கொடுத்த பழைய கார் 15 கொடுத்தால் அது இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. அதற்கும் கீழே விழுந்தால் எத்தனாலைச் சொல்லி விட்டுவிடாதீர்கள், காரில் வேறு கோளாறு இருக்கலாம். பெட்ரோல் மூடிக்குள் இ20 என்று ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது 20 சதவீதக் கலப்புக்கு ஏற்ற கார். விலை குறையாமல் மைலேஜ் மட்டும் குறைவது பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பாரம்தான், அந்த வருத்தம் எனக்கும் உண்டு.

கிரெடிட் கார்டில் போட்டால் லாபமா?

கார்டைப் பொறுத்தது. சாதாரணக் கார்டில் பெட்ரோலுக்கு 1 சதவீதம் சர்சார்ஜ் என்று கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பல கார்டுகளில் 400 ரூபாயிலிருந்து 5,000 வரையிலான பில்லுக்கு அந்தச் சர்சார்ஜைத் திருப்பித் தருவார்கள். ஜிஎஸ்டி திரும்பாது. 3,000 ரூபாய்க்குப் போட்டால் 30 ரூபாய் திரும்பும், 5.40 போனது போனதுதான். பெட்ரோலுக்கு ரிவார்டு பாயின்டும் பல கார்டுகளில் கிடையாது. அந்தக் கார்டுகளைவிட யுபிஐயோ ரொக்கமோ மேல்.

இந்தியன் ஆயில், பாரத், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் கம்பெனிகளோடு வங்கிகள் சேர்ந்து தரும் கார்டுகள் வேறு ரகம். மாதம் 5,000 ரூபாய்க்குப் போட்டு 4 சதவீதம் திரும்பினால் வருஷத்துக்கு 2,400. ஆண்டுக் கட்டணத்தைக் கழித்துப் பாருங்கள். பில் தொகையை முழுசாகக் கட்டிவிடுபவராக இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஒரு மாதம் பாக்கி வைத்தால் மூன்றரை சதவீதம் போல வட்டி, அந்த மாதம் சேர்த்தது எல்லாம் அதிலேயே போய்விடும்.

பங்க்கில் இலவசமாகக் காற்று பிடிக்கலாமா?

பிடிக்கலாம், காசு கேட்கக் கூடாது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள், பெரும்பாலும் 30 முதல் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போல இருக்கும். டயர் சூடாவதற்கு முன், வீட்டுக்குப் பக்கத்து பங்க்கில் பார்ப்பது சரியான அளவு காட்டும். நான்கு டயரிலும் 5 குறைந்திருந்தால் மைலேஜ் ஒரு சதவீதம் போல அடிபடும். அதைவிட, டயர் ஓரம் தேய்ந்து முன்கூட்டியே மாற்றுவதுதான் பெரிய நஷ்டம்.

போட்ட பெட்ரோலை ஓட்டும்போது எப்படி மிச்சம் பிடிப்பது?

80-ல் போகிற காரை 100-ல் ஓட்டினால் எதிர்க்காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். நெடுஞ்சாலையில் இதைவிடப் பெரிய சேமிப்பு இல்லை. நீண்ட சிக்னலில் இன்ஜினை அணையுங்கள். மேலே கேரியர் சும்மா இருந்தால் கழற்றிவிடுங்கள். ஏசியை மே மாதத்தில் அணைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. வெயிலில் நின்ற காரில் ஏறும்போது மட்டும் முதல் இரண்டு நிமிஷம் கண்ணாடிகளை இறக்கி அனலை வெளியே விட்டுவிட்டு ஏசி போடுங்கள்.

பெரிய மழைக்குப் பிறகு போடலாமா?

தண்ணீர் தேங்கிய பங்க்கில் சில நாள் போடாதீர்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும். தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், அது உங்கள் டேங்க்குக்கு வந்தால் கார் நடு ரோட்டில் நிற்கும். டேங்க்கை இறக்கிச் சுத்தம் செய்யும் செலவுக்கு எத்தனையோ ஃபுல் டேங்க் போடலாம். சென்னையில் டிசம்பர் மழைக்குப் பிறகு மேட்டில் இருக்கும் பங்க்காகப் பார்த்துத்தான் போகிறேன்.

கலப்படமா என்று எப்படித் தெரியும்? எங்கே புகார் செய்வது?

ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், தர வேண்டும். கன் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷத்தில் கறையில்லாமல் காய்ந்தால் சரி. லேசான இளஞ்சிவப்பு தெரிந்தால் அது பெட்ரோலில் போடும் நிறம்தான், பயப்பட வேண்டாம். எண்ணெய் மாதிரி கறை நின்றால் சந்தேகம் சரி.

பில்லை எப்போதும் வாங்கி வையுங்கள். மெஷின் எண், நேரம், லிட்டர் எல்லாம் அதில் இருக்கும், பின்னால் இன்ஜினில் பிரச்சினை வந்தாலும் அதுதான் ஆதாரம். முதலில் பங்க்கிலேயே புகார்ப் புத்தகம் கேட்டு எழுதுங்கள். எண்ணெய்க் கம்பெனி அதிகாரியின் போன் எண் அங்கே எழுதிப் போட்டிருக்கும். அளவுக் குறைவென்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் வரும் சட்டமுறை எடையளவு அதிகாரிகளிடம் சொல்லலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். 200 ரூபாய் போன அன்று என்னிடம் பில் இல்லை, அதனால் எங்கேயும் சொல்ல முடியவில்லை. இப்போது ஒவ்வொரு பில்லையும் அந்த நோட்டுக்குள்ளேயே செருகி வைக்கிறேன். அச்சு சீக்கிரம் மங்கிவிடுகிறது, அதனால் போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்கிறேன்.